முப்பத்தெட்டு விலக்குகள்

அன்றைக்கு மத்தியானம் இரண்டு முப்பத்தொன்றுக்கு நான் அந்தப் பட்டியலைத் திறக்காமல் இருந்திருந்தால், நானூற்றுப் பன்னிரண்டு பேர் என் கையெழுத்தை நம்பி நேராக நெருப்புக்குள் போயிருப்பார்கள். நாச்சியப்பனின், அதாவது என்னுடைய, பொறுப்புணர்ச்சியால் அது திறக்கப்பட்டது என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. பொறுப்புணர்ச்சியாவது மண்ணாவது. பதற்றத்தில் என் விரல் தவறான இடத்தில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

வெள்ளப்பாறை மலைக்கிராமத்துக்கு இரண்டு வழி. ஒன்று பஸ் போகும் மலைப்பாதை. அன்று இரண்டு மணிக்கே நாலாம் வளைவில் தீ அதைத் தாண்டிவிட்டது. இன்னொன்று தீப்பாதை. காட்டுக்குள்ளேயே இறங்கும் பதினோரு கிலோமீட்டர் மண் ரோடு. தீ வந்தால் மட்டும் திறப்போம். மற்ற நாளெல்லாம் மேலும் கீழும் இரும்புக் கேட் பூட்டிக் கிடக்கும். பூட்டாவிட்டால் சுற்றுலாக்காரர்கள் உள்ளே போய் அடுப்பு மூட்டி பிரியாணி போடுவார்கள்.

இரண்டு இருபத்தைந்துக்கு இருபத்தேழு வண்டிகள் மேல் கேட்டைத் தாண்டின. முதல் ஜீப்பை ஓட்டியவர் வேலுத்தாயி, ஊராட்சித் தலைவர். ஐம்பது வயது. அந்த மலையில் அவரைவிட நன்றாக ஜீப் ஓட்டுகிறவர் யாரும் இல்லை என்று அவரே சொல்வார். மற்றவர்களும் மறுக்க மாட்டார்கள். அவர் பின்னால் மொத்த ஊரும் வந்தது. அடிவாரக் கட்டுப்பாட்டு அறையில், திரையில் இருபத்தேழு பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பாதை முழுக்கச் சுத்தம் என்று திரை காட்டியது. நூற்றுக்கு நூறு. அதில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

எங்கள் மாவட்டத்தின் முதல் பெருந்தீயில் அறுபத்தொரு பேர் போனார்கள். ஒருவர்கூட வீட்டுக்குள் சாகவில்லை. எல்லாரும் தப்பிப் போகிற வழியில், வண்டிக்குள் செத்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடியும் போதைப்புல்லும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்திருந்தன. அது பற்றியதும் ரோடே அடுப்பாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கடாக்கள் வந்தன.

பாதையோரச் செடியைத் தின்னும் அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். எங்கள் வாயில் அது கடா. மாட்டுவண்டி அளவு இருக்கும், ஆளில்லாமல் ஓடும். முன்னால் சங்கிலிகள் சுழன்று புல், புதர், தொடை கனமுள்ள மரம் எல்லாவற்றையும் தூளாக்கி, தண்ணீர் தெளித்து மண்ணோடு மிதித்துவிட்டுப் போகும். எது செடி, எது மனிதன், எது மாடு என்று அதற்குக் கற்றுக்கொடுத்த நாலு பேரில் நானும் ஒருவன். எது சாமி என்று கற்றுக்கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

தோன்றவைத்தவர் வேலுத்தாயிதான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கடா வெள்ளப்பாறைக்குப் பிரியும் ரோட்டுமுனையில், ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்த உசிலமரத்தைக் காலை எட்டரை மணிக்குத் தின்றுவிட்டது. பத்தொன்பது நாள் ஊரே ரோட்டில் படுத்தது. நான் பேசப் போனபோது வேலுத்தாயி எழுந்துகூட உட்காரவில்லை. படுத்தபடியே கேட்டார்: "உங்க படத்துல தெரியாததெல்லாம் இல்லன்னு ஆயிருமா சார்?"

அந்தக் கேள்வியால் பிறந்ததுதான் விலக்கு விதி. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதினேன். சந்தனம், குங்குமம், திருநீறு, மஞ்சள் துணி, மாலை, எலுமிச்சம்பழம். இதில் மூன்று ஒன்றாகத் தெரிந்தால் கடா அங்கே வெட்டாது. சுற்றிலும் நாலு மீட்டர் விட்டுவிடும். அந்த இடம் விலக்கு என்று பதிவாகும். பதிவானதை அலுவலகம் தனியாக அழிக்கவும் முடியாது. இரண்டு குரல் வேண்டும்: ஒன்று துணை ஆட்சியருடையது, இன்னொன்று ஊராட்சித் தலைவருடையது. இந்த இடத்தில் எங்கள் ஊர் வணங்கும் தெய்வம் எதுவும் இல்லை என்று தலைவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அவசரத்தில் யாரும் உளறிவிடக் கூடாது என்று, இரண்டு முறை சொல்ல வேண்டும் என வைத்தேன். இந்தப் பூட்டுக்காக எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது என் விரல் தவறிப்போய்த் திறந்த பட்டியலுக்கு வருகிறேன். தீப்பாதை விலக்குகள் என்று தலைப்பு. எண்ணிக்கை முப்பத்தெட்டு.

மனித நடமாட்டமே இல்லாத காட்டில் முப்பத்தெட்டு கோயிலா?

எல்லாம் எட்டாவது கிலோமீட்டரில், வரிசையாக, எட்டு எட்டு மீட்டர் இடைவெளியில் இருந்தன. முதல் படத்தைத் திறந்தேன். நெற்றி நிறைய சந்தனம், நடுவில் குங்குமம், செவ்வந்தி மாலை, கீழே தொங்கும் எலுமிச்சம்பழம். சாமி படம் எடுப்பதுபோல் நேர்முகமாக, தெளிவாக எடுத்த படம். ஆனால் அந்தச் சாமியின் மார்பில் வெள்ளைப் பெயிண்டில் '3' என்று எழுதியிருந்தது.

அது மூன்றாம் நம்பர் கடா. படம் எடுத்தது இரண்டாம் நம்பர் கடா. அடுத்த படத்தில் மூன்றாம் நம்பர் இரண்டாம் நம்பரைப் படம் எடுத்திருந்தது. ஆறு படம் பார்த்தேன்.

கீழ் கேட்டில் இருந்த கடா கொட்டகைக்கு வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். மேஸ்திரி சவரிமுத்து எடுத்தார்.

"சவரி, போன அக்டோபர்ல தீப்பாதைக்கு எந்தத் தேதியில கடாவ எறக்குனீங்க?"

"ஆயுத பூசைக்கு மறுநாளு காலைல சார், எட்டாவது கிலோமீட்டர்லேர்ந்து. ஏன்?"

"பூசை போட்டீங்களா?"

"போடாம? எல்லாத்தையும் குளிப்பாட்டி, பொட்டு வச்சு, மால போட்டு ஜம்முனு அனுப்புனோம். நானு எம் பங்குக்குச் சிலுவை போட்டேன், பசங்க பொட்டு வச்சானுங்க. மிசினுக்கு ஏது சார் மதம்?"

"அதத் தொடச்சுட்டு அனுப்பலயா?"

"பூசை போட்ட பொட்டை யாராச்சும் தொடைப்பாங்களா சார்? தன்னால போனாத்தான் உண்டு. அன்னைக்குச் சாயங்காலமே மழையில போயிருச்சு."

அதனால்தான் வெட்டாமல் விட்டது முப்பத்தெட்டு எட்டு முந்நூற்று நாலு மீட்டரோடு நின்றது. ரோட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கடாவும் ஜோடியாகப் போயிருக்கின்றன. ஒன்றின் நெற்றியை ஒன்று பார்த்து, சாமி என்று ஒதுங்கி, நாலு மீட்டர் விட்டு, நகர்ந்து, மறுபடி பார்த்து, மறுபடி ஒதுங்கி. மாலை போட்ட கடா வெட்டுப்படும் என்பது ஊர் வழக்கம். எங்கள் கடா மாலை போட்டதால் வெட்டாமல் வந்திருக்கிறது. மழை வந்து பொட்டு அழிந்ததும் மிச்சப் பாதையை ஒழுங்காக வெட்டி முடித்துவிட்டன.

அப்படியானால் திரை ஏன் நூற்றுக்கு நூறு என்கிறது? விலக்கான இடம் வெட்ட வேண்டிய இடமே இல்லை, ஆகையால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நான் எழுதியிருந்தேன். சாமி இருக்கும் இடத்தைப் 'பாக்கி' என்று காட்டினால் யாராவது ஒரு அதிகாரிக்கு அதை முடித்துவைக்கக் கை அரிக்கும் என்று பயந்தேன். நல்ல எண்ணம்தான். வருஷாந்திர ஒத்திகையைச் செப்டம்பரிலேயே முடித்துவிட்டோம். அதற்குப் பிறகு மார்ச் வரை அந்தப் பாதையில் மனிதக் கால் படவில்லை. வடகிழக்கு மழையில் செழித்து, ஜனவரி வெயிலில் காய்ந்து, முந்நூறு மீட்டர் உண்ணிச்செடி ரோட்டின் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து கைகோத்து நின்றுகொண்டிருக்கும்.

"சவரி, நாலு கடாவையும் இப்பவே எடுங்க. எட்டாவது கிலோமீட்டர். நீங்க தண்ணி லாரில பின்னாலயே போங்க."

"சார், அங்க தீ..."

"இன்னும் வரல. வந்துக்கிட்டு இருக்கு. இப்ப அதுங்க மேல பொட்டு, கிட்டு ஏதாவது இருக்கா?"

"நாலாம் நம்பர்ல மட்டும் அமாவாசைக்குக் கட்டுன எலுமிச்சம்பழம் கெடக்கு."

"பிச்சு எறிங்க."

இரண்டு முப்பத்தேழுக்குக் கடாக்கள் கிளம்பின. எட்டாவது கிலோமீட்டருக்குப் போய்ச் சேரப் பதினைந்து நிமிஷம் ஆகும். ஆனால் போய்ச் சேர்ந்தாலும் வெட்டாது. முப்பத்தெட்டு விலக்கும் பதிவில் பூட்டியிருக்கின்றன. என் பூட்டு. துணை ஆட்சியர் பிரமிளா மேடத்தைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "தெய்வம் எதுவும் இல்லை, தெய்வம் எதுவும் இல்லை. முடிஞ்சுதா?" என்றார். மொத்தம் எட்டு வினாடி. முதல் குரல் பச்சையாகிவிட்டது.

ஜீப்பின் வயர்லெஸ்ஸைக் கூப்பிட்டேன். மணி இரண்டு நாற்பது.

"வேலுத்தாயக்கா, நாச்சியப்பன் பேசறேன்."

"சொல்லுங்க சார். பொக கூடிக்கிட்டே இருக்கு. ரோடு தெரியுது. வந்துக்கிட்டு இருக்கோம்." பின்னால் குழந்தைகள் இருமும் சத்தம். பதினாறு பேரை ஏற்றியிருந்தார்.

"அக்கா, எட்டாவது கிலோமீட்டர்ல செடி வெட்டல. முந்நூறு மீட்டர். ரோடே மூடிக் கெடக்கும்."

"சுத்தமா வெட்டியாச்சுன்னு போன மாசம் கூட்டத்துல சொன்னது நீங்கதான சார்?"

"நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "திரும்ப முடியாது சார்," என்று மட்டும் சொன்னார். "பின்னால இருபத்தாறு வண்டி. திருப்புறதுக்கு எடமில்ல."

நடந்ததைச் சொன்னேன். ஆயுத பூசை, பொட்டு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்ட கடாக்கள். கேட்டுவிட்டுச் சட்டென்று சிரித்தார். "கடாவப் பாத்து கடா கும்புட்டுச்சாக்கும்?" சிரிப்பு இருமலில் முடிந்தது.

"கடாவுங்க போய்க்கிட்டு இருக்கு. ஆனா நீங்க சொன்னாத்தான் வெட்டும். உங்களுக்குத் தெரியும்ல, அந்த வார்த்த. ரெண்டு தடவ."

"தெரியும். நாமதான எழுதுனோம். எந்த எடம் சார் அது, சரியா?"

"ரெண்டு ஓடைக்கும் நடுவுல."

"பாறை ஒண்ணு ரோட்டு மேல நீட்டிக்கிட்டு இருக்குமே, அங்கருந்தா?"

"ஆமா, அதுக்கு ரெண்டு பக்கமும்."

இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது. வயர்லெஸ் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

"அக்கா?"

"இருக்கேன். முப்பத்தெட்டு படத்துலயும் கடாதானா? எல்லாத்தையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றேன்.

ஆறு பார்த்திருந்தேன். மிச்சம் முப்பத்திரண்டைத் திறக்க எனக்கு ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒன்றரை நிமிஷம் இல்லை என்று அப்போது நம்பினேன். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் புள்ளிகளை வெறித்துப் பார்த்ததுதான். அந்த நேரத்தில் மூன்று தடவை திறந்திருக்கலாம். கேட்கிறவருக்கு உண்மை வேண்டியிருந்தது. எனக்கு அவர் சொல்லி முடிப்பது மட்டும் வேண்டியிருந்தது.

"ஒரு எடத்த மட்டும் விட்டுட்டு வெட்டுனா வண்டி போவுமா சார்?"

"போகாதக்கா. விட்டா நாலு மீட்டர் சுத்தி விட்டுரும். ரோட்டு அகலமே அவ்வளவுதான். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

இரண்டு நாற்பத்து நாலு. புள்ளிகள் நாலாவது கிலோமீட்டரைத் தாண்டின. அடிவாரக் காற்று திசை மாறி மேல்நோக்கி வீசுவதாக வானிலைப் பெட்டி மஞ்சளில் எழுதியது. தீப்பாதைக்குக் கீழே பள்ளத்தில் எரிந்துகொண்டிருந்த தீ பாதையை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது. நான் கெஞ்ச ஆரம்பித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. "அக்கா, அது சாமி இல்லக்கா, வெறும் மிசினு. சத்தியமா. நீங்க ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா..."

"சத்தியம் பண்ணாதீங்க சார்," என்றார் வேலுத்தாயி. கோபமாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் கடைசி வண்டியின் டிரைவர் எல்லாருக்கும் கேட்கும் அலைவரிசையில் கத்தினார். "மேல் கேட்டுல தீ வந்துருச்சு! பின்னால தெரியுது! நிக்காதீங்க, யாரும் நிக்காதீங்க!"

இரண்டு நாற்பத்தேழு. வேலுத்தாயி வயர்லெஸ்ஸை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது, மூச்சு கேட்டது. இதுவரை வட்டாரப் பேச்சில் பேசியவர், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் எழுத்துத் தமிழில் சொன்னார்.

"வெள்ளப்பாறை ஊராட்சித் தலைவர் வேலுத்தாயி சொல்கிறேன். இந்த இடத்தில் எங்கள் ஊர் வணங்கும் தெய்வம் எதுவும் இல்லை."

திரையில் பெட்டி வந்தது. மீண்டும் ஒருமுறை கூறவும்.

"இன்னொரு தடவ அக்கா."

"இந்த இடத்தில்..." நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். "இந்த இடத்தில் எங்கள் ஊர் வணங்கும் தெய்வம் எதுவும் இல்லை."

பூட்டு திறந்தது. முப்பத்தெட்டு எண்களும் ஒரே நொடியில் பட்டியலிலிருந்து போய்விட்டன.

கடாக்கள் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு எட்டாவது கிலோமீட்டரில் புகுந்தன. சவரிமுத்து தண்ணீர் லாரியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். "பொகையில ஒண்ணும் தெரியல சார்! சத்தம் மட்டும் கேக்குது! செடி தெறிச்சு கண்ணாடியில அடிக்குது!" இரண்டு ஐம்பத்தெட்டுக்கு வேலுத்தாயியின் ஜீப் புதருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக இருபத்தேழும் நின்றன. நின்ற வண்டியில் உட்கார்ந்து தீயைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரும் இறங்கி ஓடவில்லை. ஓட இடமில்லை என்பது ஒரு காரணம். முன்னால் நிற்பது வேலுத்தாயி என்பது இன்னொரு காரணம் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

முந்நூற்று நாலு மீட்டர். இருநூறு முடிந்தது. இருநூற்று ஐம்பது. பள்ளத்துத் தீ ரோட்டுக்கு அறுபது மீட்டர் கீழே. ஒரு கடாவின் சங்கிலி அறுந்து அது ஓரமாக ஒதுங்கியது. மீதி மூன்று. மூன்று ஏழுக்கு ஜீப்பின் பச்சைப் புள்ளி அசைந்தது. பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று. கடைசி வண்டி கடக்கும்போது பள்ளத்திலிருந்து தீ ரோட்டோரம் வந்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் ஈர மண்ணில் நின்றது. அந்த வண்டியின் தார்ப்பாய் கருகியது. இரண்டு பேருக்குக் கையில் காயம். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கீழ் கேட்டைத் தாண்டினார்கள்.

நான் கீழ் கேட்டுக்கு ஓடினேன். ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சவரிமுத்துவைத் தோளில் தூக்கினார்கள்; மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். வேலுத்தாயி மட்டும் தனியாகத் தண்ணீர் லாரியின் குழாயடியில் குனிந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கொப்பளித்துத் துப்பினார், மறுபடி கொப்பளித்தார். புகை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் மிச்சப் படங்களைத் திறந்தேன். சலிப்போடு தள்ளிக்கொண்டே போனேன். பொட்டு வைத்த கடா, பொட்டு வைத்த கடா. இருபத்து மூன்றாவது படத்தில் கடா இல்லை. பாறைக்கு அடியில் ஒரு நாவல் மரம். அதன் வேரில் முழங்கால் உயரக் கல். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சின்னதாக மஞ்சள் பாவாடை கட்டி, மூன்று கண்ணாடி வளையல் வைத்திருந்தது. வளையல் ஒன்று பச்சை. கடா அன்றைக்குப் பார்த்த முப்பத்தெட்டில் இதை மட்டும் சரியாகப் பார்த்திருந்தது.

வேலுத்தாயி முகாமில், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில், ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சடச்சியம்மா," என்றார். "எங்க பங்காளிங்க பதினோரு வீட்டுக்கு. ஆடியில ஒரு தடவ போவோம். கேட் பூட்டுனா என்ன, நடந்து போறதுக்கு வேற வழி இருக்கு."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையேக்கா."

"சொன்னா நம்பர் போடுவீங்க. நம்பர் போட்டா அழிக்கறதுக்கும் ஒரு வழி வச்சிருப்பீங்க."

நான் தலைகுனிந்தேன். பிறகு, சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியதால் சொன்னேன். "நான் ஆறு படம்தான் பாத்திருந்தேன். எல்லாம் பாத்தேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும் சார். பாத்திருந்தா உங்க குரல் வேற மாதிரி இருந்திருக்கும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"உள்ள பதினாறு பேரு சார். பின்னால மிச்ச ஊரு." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார். கிரீஸ் போகவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தார். "வெட்டிட்டுப் போனாக்கூடப் பரவால்ல. கல்லுதான, இன்னொரு கல்லு வைக்கலாம். இல்லன்னு சொன்னேன் பாருங்க. அவ இருக்கற எடத்துக்கு நேராப் போய்க்கிட்டே, நீ இல்லன்னு ரெண்டு தடவ சொன்னேன். அதுக்கு மேலயே வண்டிய விட்டுக்கிட்டு வந்தேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. சொல்லவும் முடியல."

வாயைக் கொப்பளித்தது புகைக்காக இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

"அறிக்கையில என்ன எழுதறதுக்கா?"

"முப்பத்தெட்டும் கடாதான்னு எழுதுங்க. பங்காளிங்க படிப்பாங்க."

அப்படியே எழுதினேன். அந்தப் பூட்டுக்கு இரண்டு குரல் வைத்ததே, அலுவலகம் பொய் சொன்னால் ஊர் தடுக்கும், ஊர் பொய் சொன்னால் அலுவலகம் தடுக்கும் என்றுதான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லிவிட்டோம். அதனால்தான் நானூற்றுப் பன்னிரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். பெயர்களையெல்லாம் மாற்றி இதை இங்கே எழுதுவதற்கு அந்த வேப்பமரத்தடியிலேயே அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டேன்.

நான் கிளம்பும்போது வேலுத்தாயி கூப்பிட்டார். "சார், பூட்டுலேர்ந்து என் குரல எடுத்துருங்க. அடுத்த தடவ என்னால ஆவாது."

"எடுத்துட்டு யார வைக்கறது?"

"சாமி நம்பிக்கை இல்லாத பய எவனாச்சும் ஊருல இருப்பான். அவன வைங்க. அவனுக்கு இல்லன்னு சொல்றதுக்கு என்ன வலி?"

எடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வேறொன்றைச் சொன்னேன். "பிரமிளா மேடத்துக்கு எட்டு செகண்டு ஆச்சுக்கா. உங்களுக்கு ஏழு நிமிஷம் ஆச்சு."

"அதனாலதான் சொல்றேன், வேகமாச் சொல்றவன வைங்கன்னு."

"வேகமாச் சொல்றவன்கிட்ட குடுத்தா, தீ இல்லாத நாள்லயும் சொல்லிருவான்."

என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன் ரோட்டில் படுத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதில் கோபம் இருந்தது, இதில் அதுகூட இல்லை.

"அப்ப, சொன்னா வலிக்கறவதான் வேணும்ங்கறீங்க."

"ஆமாக்கா."

வேலுத்தாயி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்துப் பக்கம் குனிந்துவிட்டார். எடுக்கச் சொல்லி அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. அவர் குரல் இன்னும் பூட்டில்தான் இருக்கிறது. மார்ச் மாதம் வந்தால் எல்லாரும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். தீ வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட வேண்டி வருமோ என்று அதைவிட அதிகமாகப் பயப்படுகிறேன்.